ஐந்து வரி முடிவுரை

வியாழக்கிழமை இரவு வகுப்பு.
தண்டர் பே, கல்லூரியின் பின்கட்டடம், அறை நூற்றுப் பதினான்கு.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ஹீட்டர் யாரையோ திட்டுகிற மாதிரி
விட்டு விட்டு இரையும்.

முதல் நாளே பாடத்திட்டத்தை வாசித்துக் காட்டினேன்:
தாமதமானால் நாளுக்குப் பத்து மதிப்பெண் போகும்.
போன் பைக்குள் இருக்கட்டும்.
கட்டுரைக்கு முன்னுரை வேண்டும், நடுப்பகுதி வேண்டும்,
ஐந்து வரிக்குக் குறையாத முடிவுரை வேண்டும்.
பிறர் எழுத்தைத் தனதென்று தந்தால் பூஜ்யம்.
இந்த இடத்தில் நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்ப்பது
இருபது வருடப் பழக்கம்.

பின்வரிசையில் ஓரெஸ்ட் பாவ்லிக், வயது ஐம்பத்திரண்டு.
காகித ஆலை மூடியபின்
மறுபயிற்சிக்கென்று கிடைத்த காசில் வந்து சேர்ந்தவர்.
எந்தத் தாளைக் கொடுத்தாலும்
முதலில் மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்.
பிறகுதான் படிப்பார்.

மூன்றாவது கட்டுரையின் தலைப்பு: ஒரு மாற்றம்.
அவர் எழுதியது ஆலையின் கடைசி ஷிஃப்ட்.
ஜூன் மாதத்துக் கொசுவாய் எழுத்துப்பிழைகள்.
அவற்றின் நடுவே, எங்கிருந்தோ, இது:

"கடைசிச் சுருளை இறக்கியபின் இயந்திரத்தை நிறுத்த
யாரும் கையை நீட்டவில்லை.
வெறும் உருளைகள் நாற்பது நிமிடம் சுற்றின.
அந்த நாற்பதுக்கு நாங்கள் சம்பளம் வாங்கவில்லை."

பேனா நின்றது.
இது இவர் சரக்கில்லை என்றேன்,
காலி அறையில், சத்தமாகவே.
சிவப்பில் அடிக்கோடிட்டு ஓரத்தில் எழுதினேன்: யாருடையது?
முடிவுரைக்கு ஒரு சரிக்குறி. பக்கத்தில்: தெளிவு.

இரவு பதினொன்றரை வரை தேடினேன்.
முழு வாக்கியமாக, பாதியாக, சொல் மாற்றி,
நாற்பதை முப்பதாக்கிக்கூட.
உலகத்தில் எங்கும் இல்லை.
அதில் எனக்கு ஏமாற்றம் என்பதையும்
இங்கே சொல்லிவிடுகிறேன்.
கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பியவளுக்கு
கை இருந்தது, களவு இல்லை.

அடுத்த வியாழன், எல்லாரும் போனபின், அவரை நிறுத்தினேன்.
தாளைப் பார்த்தார். மூலையைத் தேய்த்தார்.
"மிஸஸ் ரன்டா, கோடு இடம் மாறி விழுந்திருக்கிறது.
அது நான் எழுதியது.
சரி போட்டிருக்கிறீர்களே, அந்த ஐந்து வரிதான்
என் மகளின் பழைய கட்டுரையிலிருந்து எடுத்தேன்.
அவள் எங்கே எடுத்தாளோ."

வாசித்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு முடிவும் ஒரு புதிய தொடக்கமே.
நாக்கில் வைத்தால் உப்புமில்லை, உறைப்புமில்லை.
வருடத்துக்கு நூறு தடவை
நான் சரி போட்டுத் தாண்டும் வரி.

ஏன் என்று கேட்டேன்.

"சொல்ல இருந்தது உருளையோடு தீர்ந்துவிட்டது.
நீங்கள் ஐந்து வரி கேட்டீர்கள்.
ஆலையில் எடை குறைந்தால்
சுருளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

நேர்மை மீறல் படிவம் மேசையில் கிடந்தது.
நகலெடுத்த பகுதி: கட்டம் உண்டு.
ஆதாரம்: கட்டம் உண்டு.
ஆசிரியர் தவறாகப் போட்ட பழி:
அதற்குக் கட்டமில்லை.

முடிவுரைக்குப் பூஜ்யம் போட்டேன்.
சலுகை தரவில்லை, அவரும் கேட்கவில்லை.
'யாருடையது?' என்பதை அடிக்கப் போனால்
சிவப்பின்மேல் சிவப்பு விழுந்து
இன்னும் பெரிதாகத் தெரிந்தது.
பக்கத்தில் எழுதினேன்: உங்களுடையது. மன்னிக்கவும்.
கையெழுத்துப் போட்டேன்.
தேதி? என்றார்.
போட்டேன்.

வீட்டில் பாடத்திட்டத்தைத் திறந்து
அந்த ஐந்து வரி விதியைத் தேடினேன்.
எனக்கு முன் இந்த வகுப்பை எடுத்த ஹால்ஃபோர்ட்
விட்டுப்போன கோப்பு.
பெயரும் வருடமும் மட்டும் என் கைவரிசை.
நேர்மை பற்றிய பத்தியும்
அதே கோப்பில்தான் இருந்தது.

திங்களன்று திருத்திய பிரதி வந்தது.
உருளைகள் சுற்றுகின்றன.
அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெள்ளை.
மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.