மூலைச் சதுரம்

லுப்லியானாவில் ஏழு மணிச் செய்தி.
திரையின் மூலைச் சதுரத்தில் நேவா,
கறுப்புச் சட்டை, மோதிரம் கழற்றிய விரல்கள்.

உறுப்பினர் கோரித்னிக் இன்று அவையில்
நிதியமைச்சரைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு சொல்
கேட்பவர்களுக்கு வெறும் பீப்.
நேவாவிடம் யாரும் பீப் கொடுத்தனுப்பவில்லை.
ஒரு கணம் தயங்கி
இரண்டு கையாலும் முழுசாகச் சொன்னாள்.

எட்டு மணிக்கும் அதே சொல். ஒன்பதுக்கு
நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து
நாகரிகம் பற்றிக் கத்தினார்கள்;
அவளுக்குக் கை போதவில்லை.

நள்ளிரவு. குழாயடியில் சோப்புப் போட்டு
விரலிடுக்கெல்லாம் தேய்க்கிறாள்.
அலைபேசியில் மாரிபோரிலிருந்து ஒருவர்,
பிறந்ததிலிருந்தே காது கேளாதவர்:
"திட்டு தெளிவாகப் புரிந்தது, நன்றி.
எந்த மசோதாவுக்காகத் திட்டினார்?"

ஈரக் கையோடு யோசிக்கிறாள்.
அது அவள் கை வழியாகப் போகவேயில்லை.