இடையில் ஆள் இல்லை

கல்முனை, கோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம்,
போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று
மூன்று மொழியிலும் பலகை.
சிங்களத்தில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை,
பெயின்டருக்குக் காசு கொடுத்த பிறகு கண்டது.

லெப்டொப், மச்சான் ஜௌஸி
தோஹாவிலிருந்து கொண்டுவந்தது.
விசைகளில் அறபு. விரல்களில் பாமினி.
பார்க்காமல் அடிப்பேன்; ஒருநாள் பார்த்தேன்:
கால் விழும் விசையில் அலிஃப்,
த விழும் விசையில் தே.
யார் யாரோடு பேசி வைத்தார்கள்?

விண்டோஸ் மூச்சு வாங்கியது.
ஒரு மரணச் சான்றிதழ் திறப்பதற்குள்
ஒரு பிளேன்ரீ ஆறிவிடும்.
கொப்பிக் கடை விதுஷன் பென்டிரைவில் லினக்ஸைத் தந்து
"ஏத்திப் பாருங்க மிஸ்" என்றான்.
மறுவாரம் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

ஏற்றினேன்.
திரை வந்தது, சத்தம் வந்தது,
வைஃபை வரவில்லை.

டெர்மினலில் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னது:
அட்டை உண்டு.
செய்தவரின் இலக்கம், முக்காற்புள்ளி, பொருளின் இலக்கம்.
ட்ரைவர் என்று வரவேண்டிய வரி
வரவே இல்லை.

அந்த வராத வரி எனக்குப் பழக்கம்.
ஒலுவில்காரர் ஒருவர், காணி விஷயம்,
அம்பாறைக் கச்சேரியில் கவுண்டருக்கு முன் நின்றவர்.
ஆள் உண்டு, அடையாள அட்டை இலக்கம் உண்டு,
அந்தப் பக்கம் அதிகாரியும் உண்டு, கெட்டவர் இல்லை.
இடையில் ஆள் இல்லை.
இரண்டு பஸ் மாறிப் போனவர்
இரண்டு பஸ் மாறித் திரும்பினார்
கையில் ஒரு கடிதத்தோடு.
என் மேசைக்கு வந்தபோது அதில் இருந்தது இவ்வளவுதான்:
படிவத்தை இரு பிரதிகளில் தரவும்.

வைஃபைக்கு ட்ரைவர் இறக்க
வைஃபை வேண்டும்.
நான் சிரிக்கவில்லை.
சிங்களம் தெரியாது என்பதைச்
சிங்களத்தில் எழுதி வாங்கிப் போக
என்னிடம் ஆள் வந்திருக்கிறது.
எழுதிக் கொடுத்தேன். இருநூறு ரூபாய்.

போனைக் கேபிளில் கட்டி
மிச்ச டேட்டாவில் சொட்டுச் சொட்டாக இறக்கினேன்.
எந்த ஊர்க்காரரோ, கூலி இல்லாமல்
எழுதி வைத்த ஆயிரக்கணக்கான வரிகள்.
தலைமாட்டில் ஒரு குறிப்பு:
இது வேலை செய்யும் என்று
எந்த உத்தரவாதமும் இல்லை.
என் ஒவ்வொரு பக்கத்தின் காலடியிலும்
மூலத்துக்கு மாறாத உண்மையான மொழிபெயர்ப்பு என்று
முத்திரை குத்துகிறவள் நான்.
முத்திரையை லாச்சிக்குள் தள்ளினேன்.

முதல் தடவை, கேர்னலின் தலைப்புக் கோப்புகள் இல்லை என்றது.
இரண்டாவது தடவை, கரண்ட் போனது.
பெட்டரி பதினொன்று. இஷா பாங்கு முடிந்து
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
மூன்றாவது தடவை நான் ஒன்றும் வாசிக்கவில்லை,
வரிகள் ஓட விட்டுவிட்டு
ஜன்னலடியில் நின்றேன்.
திரும்பினால்
மூலையில் சின்ன விசிறிக் குறி.
தெருவே வரிசையாக வந்து நின்றது:
பாமசி, லீசிங் கம்பனி, டியூட்டரி,
'கேட்டால் தரமாட்டேன்' என்று பெயர் வைத்த ஒரு வைஃபை.

அடுத்த மாதம் கேர்னல் புதுசானது.
எல்லாம் போனது.
மறுபடி கட்டினேன்; இப்போது அரைமணி நேரம்தான்.

விரல்ரேகை வாசிப்பான் மட்டும் இன்றுவரை இல்லை.
அதற்கு உலகத்தில் எவரும் எழுதவில்லை.
விசைகளுக்கு வலப்புறம் ஒரு கறுப்புச் சதுரம்,
சும்மா.

நேற்று, மருதமுனையில் கருவாடு போடுகிற
சித்தி பஜ்ரியா,
சத்தியக் கடதாசிக்குப் பெருவிரல் வைத்தவர்,
மை துடைக்க இடம் தேடித்
தெரியாமல் அந்தச் சதுரத்தில் அழுத்திவிட்டார்.
ஊதா நிறத்தில், சுழி சுழியாக,
ஒரு கோடு அழியாமல்.

இரண்டு பேரும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒன்றும் திறக்கவில்லை.
துணி எடுத்தேன்,
மேசையைத் துடைத்தேன்.