கழிவு

சேந்த்-சூசான் எடைமேடையில்
இது எனக்குப் பதினோராவது அறுவடை.
கரும்பு லாரியை இங்கே கஷலோ என்பார்கள்,
அது ஒரு திமிங்கிலத்தின் பெயர்.
வயலை வயிறு முட்ட விழுங்கிக்கொண்டு
மேடை ஏறி நின்று பெருமூச்சு விடும்.
மொத்த எடை. வண்டி எடை.
மண்ணுக்கும் சோகைக்கும் கழிவு.
மிச்சம் நிகரம்.
துளைக்குழாய் இறங்கி
ஒரு வாய் சாறு கேட்கும்.
நூறு கிலோ கரும்புக்குப் பத்து கிலோ சர்க்கரை,
கூடினால் பதினொன்று.
இங்கே நடக்கும் சண்டையெல்லாம்
அந்தக் கூடுதல் ஒன்றுக்குத்தான்.
தொண்ணூறைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்.
மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தபோது
ழான்-இவ் மூத்துசாமி வந்தார்.
டிராக்டருக்குப் பின்னால் கரும்பு இல்லை,
இருக்கைக்குப் பக்கத்தில் ஓர் உரச்சாக்கு.
சாக்குக்குள் பாப்பாங்,
இந்தத் தீவை விட்டால்
வேறெங்கும் கூடு கட்டாத பருந்து.
அலகோரம் ரத்தம் காய்ந்திருந்தது.
"பறவை ஆபீசில் போனில் எடை கேட்கிறார்கள்" என்றார்.

என் மேடை அறுபது டன் தாங்கும்.
இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் அது மதிக்காது.
கான்டீனுக்கு ஓடி
ரொசெலின் மீன் நிறுக்கும் தராசை
இரவல் வாங்கி வந்தேன்.
எண்ணூற்று நாற்பது கிராம்.
எழுதப் போன கை பழக்கத்தில்
கழிவுக் கட்டத்தில் போய் நின்றது.

லாரிகள் வரத் தாமதம்.
ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்,
மேலிருந்து கீழாக.
இந்தப் பருந்துக்கு எட்டரை கிலோ எலி.
அந்த எலிகளுக்கு
எண்பத்தைந்து கிலோ கரும்பு,
தண்ணீரைக் கழிக்காமல்.
கரும்புக்கு எவ்வளவு வெயில்?
வெயிலுக்கு மேடை இல்லை.
விழுவதில் நூறில் ஒன்றோ இரண்டோதான்
இலை பிடித்துவைக்கும் என்று
பள்ளியில் படித்த ஞாபகம்.

படிக்குப் படி பத்தில் ஒன்று ஏறுகிறது.
மற்ற ஒன்பதை என்னவென்று எழுதுவது?
எலி ஓடியது,
வரப்பில் நின்று காது விடைத்தது,
கண் திறக்காத குட்டிகளைத்
தன் சூட்டில் வைத்துக்கொண்டது.
பருந்து
அறுத்த வயலின் மேல் சரிந்தது,
நடுவானில் இரையை நழுவவிட
கீழே பறந்த இணை
மல்லாந்து பிடித்தது.
போன வருடம் இந்த ஜன்னலில்
கையிலிருந்த காப்பி ஆறும்வரை
நான் பார்த்து நின்றேனே,
அதெல்லாம் கழிவில் வருகிறது.
நிகரத்தில் வந்தது
இந்தச் சாக்கு.

மருந்து வைத்தீர்களா என்று நான் கேட்கவில்லை.
அவராகச் சொன்னார்.
எலிக்காய்ச்சலில் மச்சான்
சேன்-தெனி ஆஸ்பத்திரியில் இருபது நாள்.
கண் மஞ்சள், மூத்திரம் வற்றி,
பிழைத்தது பெரிய காரியம்.
அதற்குப் பிறகுதான்
வரப்பு நெடுக நீலக் கோதுமை.
நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

ஆனால் பாருங்கள்,
வெயில் ஏற ஏறத் தேய்கிறது.
நஞ்சுக்கு அந்த வழக்கம் கிடையாது.
எலி அதை ஓடித் தீர்க்க முடியாது,
மூச்சில் செலவழிக்க முடியாது.
பத்து எலியின் பாக்கியும்
ஒரே பறவையின் பேரில் ஏறும்.
பதினோரு அறுவடையில்
கழிவு போடாமல் மேலே போன சரக்கு
நான் பார்த்தது இது ஒன்றுதான்.

வெளியே நாலு கஷலோ
வரிசையில் நின்று ஹாரன் அடித்தன.
மூத்துசாமி சாக்கின் வாயைக் கட்டிவிட்டு
அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.
"சூடாக இருக்கிறது" என்றார்.
நானும் தொட்டுப் பார்த்தேன்.
இருந்தது.
டிராக்டரில் வைத்திருந்த
வெயில்பட்ட பக்கம் மட்டும்.