அணைக்கமுன் இரண்டு நிமிடம்

கடுகண்ணாவ ஏற்றத்தில் போன டேர்போவின் விலை
எனக்கு இன்னும் மனப்பாடம்.
லொறிக்குப் பின்னால் மூன்றாம் கியரில் மிதித்தபடி
ஏசியைக் கூட்டிவிட்டு முகில் பார்த்துக்கொண்டு போனேன்.
தண்ணீர் முள் நடுவில் நின்றது, நல்ல பிள்ளையாய்.
எண்ணெய் விளக்கு எரியவேயில்லை.
உள்ளே இரும்பு சிவந்ததை
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

பஞ்சிகாவத்தையில்
கழற்றிய கதவுகள் அடுக்கிய ஒழுங்கையில்
ஒரு பழைய மீட்டர். கண்ணாடியில் கீறல்.
தொள்ளாயிரம் மட்டும் எண்கள்.
எண்ணூற்றைம்பதில் யாரோ நகப்பூச்சால் இட்ட சிவப்புக் கோடு.
யாருடைய கார், கோட்டைத் தாண்டினதா,
கேட்டால் விலை ஏறும். கேட்கவில்லை.

தெமட்டகொடையில் நிஸ்தாரின் கராஜ்.
ரயில் போனால் சுவரில் ஸ்பானர்கள் ஆடும்.
"பின் பைப்பில போடுவமா, லேசு."
"டேர்போவுக்கு முன்னால," என்றேன்,
"பின்னால எண்டால் அது ஆறின கதை."
அவர் என்னை ஒருதரம் பார்த்தார்,
பிறகு காரை. காரைத்தான் கூட நேரம்.

நாலு குழலும் ஒன்றாகும் கழுத்தில்
சென்டர் பஞ்சால் ஒரு பொட்டு.
ட்ரில் நுனியில் கிரீஸ்,
பாணுக்கு மாஜரின் பூசுமாப்போல் தடிப்பாக.
உதிர்வதை அது பிடித்துக்கொள்ள வேண்டும்.
ஒரு துணிக்கை தவறி உள்ளே போனால்
நிமிடத்துக்கு லட்சம் சுற்றும் சில்லுக்கு
அது சன்னம்.
சொல் அவருடையதுதான்.
கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கடைசி மயிரிழைக்கு இஞ்சினை ஓடவிட்டார்.
ஓட்டை திறந்தது, பல்லில் மணல் கடிபட்டாற்போல்.
பட்பட்டென்று சுடுமூச்சு,
முன்கை முழுக்கக் கரிப்பொடி.
ஆறவிட்டுப் புரி வெட்டினார்.
கால் சுற்று முன்னே, அரைக்கால் பின்னே.
துடை. பூசு. திரும்பவும் கால் சுற்று.
லசந்த காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தான்,
நுனியில் பூனைமயிர்போல நாலைந்து.
"ஒக்கொம ஆவா," என்றான். எல்லாம் வந்ததாம்.
எண்ணி வைத்தது யார்?

முதல்தரம், சூடு ஏற ஏற
முள் பூச்சியத்துக்குக் கீழே போய் ஒளிந்தது.
சிவப்பென்றால் நேர்: நிஸ்தாரின் முப்பது வருடப் பாடம்.
இந்த வயரில் மஞ்சள் நேர், சிவப்பு மறை.
"எவன்டா இப்படி யோசிச்சவன்," என்று
மாற்றிக் கொடுத்தார்.
முள் எழும்பி வந்தது, நித்திரை கலைந்த ஆள் மாதிரி,
முந்நூறில் நின்று சுற்றிப் பார்த்தது.

இப்போது பேஸ்லைன் வீதியில் பச்சை விழுந்தால் ஐந்நூறு.
ராஜகிரிய மேம்பாலம் ஏற அறுநூற்றெண்பது.
அடைமழையில் பொனட் குளிர்ந்து நனைந்து கிடக்க
அதற்கு ஒரு முழம் கீழே அதே அறுநூற்றெண்பது.
முன்னும் இப்படித்தான் கொதித்திருக்கும்,
நான் பாட்டுப் போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

வெள்ளவத்தையில், வீட்டுக்குக் கீழே நிறுத்தி
உடனே அணைப்பதில்லை. இருநூறுக்கு இறங்கவேண்டும்.
"மிஸ், கார் பழுதா?" வாட்ச்சர் ஒவ்வொரு இரவும் கேட்கிறார்.
கடல் பக்கம் பாணந்துறை ரயில் போகிறது.
மூன்றாம் மாடியில் எங்கள் விளக்கு எரிகிறது.
இருநூற்றெண்பது.
யன்னலில் ஒரு நிழல் வந்து, கீழே பார்த்து, போகிறது.
இருநூற்றைம்பது.
அவசரமில்லை.

சாவியைத் திருப்பியபின் காதைக் கொடுக்கிறேன்:
சுழல் ஓயும் மெல்லிய விசில்.
காந்தத்தில் வராத ஒன்று இருந்தால்
இப்போதுதான் அது வாய் திறக்கும்.
இன்றைக்கும் இல்லை.