நகல் ஒன்றுக்கு இரண்டு ரூபாய்

கருங்கல் சந்தைக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பயோடேட்டா.
கண்ணாடிக்குக் கீழே ஓடும் பச்சை வெளிச்சத்தில்
பாஸ்போர்ட்டுகள் முகம் கவிழ்ந்து படுக்கும்.
பதினோரு வருடம்
நான் ஒன்றையும் வாசித்ததில்லை.
காகிதம் சூடாக வெளியே வரும்,
காசை வாங்கி டப்பாவில் போடுவேன்.

ரெஜிலாவுக்கும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.
கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை, மாசம் எண்பதாயிரம்.
"இங்கிலீஷ் நல்லா பேசுவேன்னு போடுங்கக்கா."
பேசமாட்டாள். போட்டேன்.
ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

ஏழு மாதம் கழித்து அவளுடைய அம்மை
ஒரு போட்டோவோடு வந்தாள்,
கலெக்டர் ஆபீஸ் மனுவுக்குப் பெரிதாக்க வேண்டும்.
பெரிதாக்கப் பெரிதாக்க
முகம் புள்ளிபுள்ளியாய் உடைந்தது.
அதற்கு நான் காசு வாங்கவில்லை.
சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வாசிக்கிறேன்.

கார்த்திகையில் நாலு பிள்ளைகள், நாலு வெவ்வேறு நாள்.
குறும்பனை, பாலப்பள்ளம், திக்கணங்கோடு,
இன்னொன்று மலையோரம் எங்கேயோ.
மில் வேலை, நர்ஸிங் படிப்பு, ஆளுக்கொரு காரணம்.
'அவசரத்துக்கு அழைக்க' என்ற கட்டத்தில் மட்டும்
நாலுபேருக்கும் ஒரே நம்பர்.

நாங்கள் ஐந்து பேர்.
மீன் விற்கிற பிரகாசியம், ஆட்டோ ஓட்டுகிற தாசையன்,
அங்கன்வாடி ஷீலாகுமாரி, திருவிதாங்கோட்டு மைமூன், நான்.
சீருடை கிடையாது, விசில் கிடையாது.
ஒரு வாட்ஸப் குழு உண்டு. பெயர் 'சிட்டி யூனியன் சீட்டு'.
வீட்டில் யாராவது பார்த்தால்
கேள்வி வராமலிருக்க.

புதன்கிழமை வண்டி என்று
பாலப்பள்ளத்துப் பிள்ளையே சொல்லியிருந்தாள், சந்தோஷத்தில்.
இரணியல் ஸ்டேஷன், விடிந்தும் விடியாமலும் ஒரு தூறல்.
பிரகாசியம் கூடையை இறக்கிவைத்துவிட்டு
முதலில் கால்களைத்தான் பார்த்தாள்.
நாலு ஜோடிப் புதுச் செருப்பு,
விலைச் சீட்டு இன்னும் கிழிபடாமல்.
"மாமன் வாங்கித் தந்தாரு."
"எந்த மாமன்? அம்மைக்க கூடப்பொறந்தவனா?"
அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
"செரி, மருமொவள வீட்டுல என்ன சொல்லி விளிப்பாவ?"
அவன் சொன்னது ஆதாரில் உள்ள பெயர்.
நான் அடித்த பெயர்.
சின்னவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.
"என்ன வீட்டுல குஞ்சுண்ணுதான் விளிப்பாவ."

தாசையன் ரயில்வே போலீசைக் கூட்டிவருவதற்குள்
டீ வாங்கப் போனவன் திரும்பவில்லை.
வண்டி வந்தது, ஒரு நிமிடம் நின்றது, போனது.

நன்றி என்று யாரும் சொல்லவில்லை.
மலையோரத்துப் பிள்ளை
செருப்பைக் கழற்றி என் முன்னால் எறிந்தாள்.
"எனக்க வேலைய கெடுத்துப் போட்டியளே,
நீங்க தருவியளா வேல?"
ஷீலாகுமாரி என்னைப் பார்த்தாள், நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.
மைமூன் மட்டும் குனிந்து
நனைந்த செருப்பை எடுத்துத் துடைத்தாள்.

அந்த நம்பர் இப்போதும் அடிக்கிறது.
ஒருதரம் ஒரு பெண்குரல் எடுத்தது, மரியாதையாய்ப் பேசியது.

புதிதாக யார் வந்தாலும்
ரெஜிலாவின் கோப்பைத் திறந்துதான் தொடங்குகிறேன்.
கட்டங்கள் ஒழுங்காக இருக்கும்.
பெயரை மாற்றி, ஊரை மாற்றி,
கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டு முடிக்கும்போது
கம்ப்யூட்டர் என்னிடம் ஒன்று கேட்கும்:
பழையதை அழித்துவிட்டு எழுதவா?

ஒவ்வொரு தடவையும்
இல்லை என்பதை அழுத்துகிறேன்.