அயற்கூற்று

பீட்டர்ஹெட் காவல் நிலையத்தில்
அன்றைக்கும் ஹீட்டர் ஓடவில்லை.
கோட்டைக் கழற்றாமலே சொன்னாள் ஐல்ஸா:
"'நாளைக்கு வந்துடுவேன்.
இங்கே காத்து ஜாஸ்தி.
நாயைக் கட்டில்ல ஏத்தாதே'ன்னார்.
அவ்வளவுதான். லைன் கட்டாயிடுச்சு."

நான் தட்டச்சு செய்தேன்:
மறுநாள் வந்துவிடுவதாகவும்
அங்கே காற்று அதிகமாக இருந்ததாகவும்
அவர் தெரிவித்தார்.
நாயை விட்டுவிட்டேன்.

பயிற்சியில் சொல்லித்தந்தது அப்படித்தான்.
மேற்கோள் குறியை எடு.
'நான்' இருந்தால் 'அவர்' ஆக்கு.
இப்போது, அப்போது.
வினைச்சொல் ஒரு படி
பின்னால் போய் நின்றுகொள்ளும்.

வாசித்துக் காட்டினேன்.
"மறுநாளா?" என்றாள்.
"அப்படிச் சொல்லலையே அவர்.
நாளைக்குன்னார்."

மறுநாள் வந்துவிட்டுப் போய்விட்டது,
அதற்கப்புறம் பதினோரு நாள்,
துறைமுகத்தில் ஹாடக் ஏலம் ஒருநாளும் நிற்காமல்.
நாளைதான்
இன்னும் வரவில்லை.

பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்தேன்.
'தெரிவித்தார்' பின்னாலிருந்து கரைந்து போயிற்று.
இரண்டு மேற்கோள் குறிகள் போட்டு
நடுவில் அவரை அப்படியே விட்டேன்.

சார்ஜென்ட் மெக்கிர்டி
சிவப்பு மையில் திருப்பி அனுப்புவார்.
அனுப்பட்டும்.

"நாயோட பேர் என்ன?" என்று கேட்டேன்.
அதற்குத்தான் அழுதாள்.