பதினேழாம் தகடு

இங்கே மழை பெய்வதில்லை.
வால்விஸ் விரிகுடாவில் குடை விற்கும் கடை ஒன்றுகூட இல்லை.
ஆனாலும் கதவுக் கீல்கள் இரண்டே ஆண்டில் கையோடு வந்துவிடும்.
பாலைவனத்தில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று
தலைநகரிலிருந்து வந்த கணக்கர் கேட்டார்.
விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள் என்றேன்.
அவர் வரவில்லை.
மூடுபனி வந்தது, வழக்கம்போல்,
முதுகில் உப்புமூட்டையோடு.

துறைமுகத்துக்கு வடக்கே, மணலில், மரச் சட்டங்கள்.
கடலைப் பார்த்துச் சாய்ந்த நாற்பது தகடுகள்,
ஒன்றின் நோய் மற்றொன்றைத் தொற்றாதிருக்க
பீங்கான் குமிழ்களில் தனித்தனியே நிறுத்தியவை.
என் வேலை:
கழற்று, கழுவு, நிறு, எழுது.
எவ்வளவு இழந்தாய், சொல்.
நான்காம் தசமம் வரை சொல்.

வெறும் எஃகு முதல் வாரத்திலேயே வாய்விட்டு அழும்.
துத்தநாகம் பூசியது வேறு ரகம்,
தான் கரைந்து தீரும்வரை
அடியிலிருப்பதற்குச் சேதியே போகவிடாது.
அலுமினியம் காற்றுப் பட்ட கணமே
கண்ணுக்குத் தெரியாத சட்டையொன்றை மாட்டிக்கொள்ளும்;
உப்பு அதில் ஊசிமுனையளவு பொத்தல் தேடும்.
எவர்சில்வரைத்தான் நான் நம்பினேன்.
இரண்டு ஆண்டு, அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.
வாஷரைக் கழற்றினால்
அடியில், காற்றே நுழையாத இடுக்கில்,
மிளகளவு கறுத்த ஒரு குழி.
மூச்சுவிட இடமிருந்தால் அது தன்னைக் காத்துக்கொள்ளும்.
அமுக்கிப் பிடித்த இடத்தில் செத்திருந்தது.
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
‘குழி: ஒன்று’ என்று எழுதினேன்.

இரவுக் காவல் ஃபிலேமோனுக்கு.
தகடுகளைப் பார்க்கச் சொல்லித்தான் சம்பளம்,
அவன் உண்மையிலேயே பார்த்தான்.
ஒருமுறை கேட்டான்:
இதில் எது மெதுவாகச் சாகும்?
நான் கையுறையைக் கழற்றாமல் சொன்னேன்,
செம்பு. கறுக்கும், அப்புறம் பச்சை ஏறும்,
அந்தப் பச்சையே அதற்குப் போர்வை.
எழுத வருமா அதில் என்றான்.
கேள்வி புரியவில்லை. தலையாட்டி வைத்தேன்.

ஆகஸ்டில், கடல் அழுகிய முட்டையாய் நாறிய வாரம்,
பதினேழாம் இடம் காலி.
குமிழ்கள் நான்கும் துடைத்துச் சுத்தமாய்.
‘காணவில்லை’ என்று எழுதினேன்.
செம்பு திருடு போவது இந்த ஊரில் புதிதல்ல,
கிலோ என்ன விலை என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

வேறொருவரை அடக்கம் செய்யப் போன நாளில் அதைப் பார்த்தேன்.
கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரம்,
இரும்புச் சிலுவைகள் பெயரை உதிர்த்துவிட்டு
முழங்காலில் நிற்கும் வரிசை.
அங்கே ஒரு படகுப் பலகை, அதன்மேல் என் தகடு.
ஆணிமுனையால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாய்:
எலியாசர் நகாலே.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கொஞ்சம் மேலேறியிருந்தது.
பலகைக்கு முன்னால் மண் மேடில்லை.
இழுவைப் படகு திரும்பி வந்தது, தம்பி வரவில்லை
என்று ஃபிலேமோன் என்றைக்கோ சொன்னது
அப்போதுதான் காதில் விழுந்தது.

என் அறிக்கைகள் விண்ட்ஹூக்கில் ஓர் அலமாரிக்குப் போகின்றன.
இரண்டு ஆண்டில் அவற்றைப் படித்த ஒரே ஆள் இவன்தான்.
சரியாகவும் படித்திருக்கிறான்,
ஒன்றைத் தவிர:
நான்கு மூலையிலும் இரும்பாணி.
செம்பின் பக்கத்தில் இரும்பு,
இந்தப் பனியில், ஓராண்டு தாங்காது.
இப்போதே மூலைகளில் காவிநிறக் கண்ணீர்.

ஞாயிறு காலை நான்கு வெண்கலத் திருகாணிகள் கொண்டுபோனேன்.
பனி விலகுமுன் முடித்துவிட்டேன்.
அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.
கழற்றிய ஆணிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து
திங்களன்று, யாரும் வருமுன்,
கழுவி, துடைத்து,
அவற்றையும் நிறுத்தேன்.